ஆடாமல் நிற்பவள்

மூன்று படங்களிலும் எல்லாமே அசைந்திருந்தன, ஒன்றைத் தவிர.

லயத்து வீட்டு வாசலில் நின்ற இருதயராஜ் கெமராவின் திரையை மூக்கருகே கொண்டுவந்து பார்த்தார். பள்ளத்துக்கு அப்பால் இருந்த மலையின் ரப்பர் இலைகள் காற்றில் கலைந்து வெறும் பச்சைப் புகையாகப் பதிந்திருந்தன. வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் போய்ச் சிரட்டைப் பாலை ஊற்றிக்கொண்டிருந்த அவருடைய மனைவி மரியாயி ஒரு நீலக் கறையாக இழுபட்டிருந்தாள். அவளுக்கு வெகு மேலே, மலை விளிம்பை ஒட்டிய மரத்தடியில், கறுப்பாக ஒன்று நின்றது. அது மட்டும் விளிம்பு பிசகாமல் தெளிவாக விழுந்திருந்தது. பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

காலையில் அடித்த மழையில் பட்டைகள் நனைந்து, அன்றைக்குப் பால்வெட்டு மத்தியானத்துக்குத்தான் தொடங்கியது. அதனால் பால் சேர்க்கும் வேலை மாலைவரை இழுத்துவிட்டது. மரங்களுக்கு அடியில் இருட்டு கூடிக்கொண்டிருந்தது. அவருக்கு வேண்டியதும் அந்த மாதிரி வெளிச்சம்தான். அடுத்த கிழமை தோட்டத்து மாதா கோயில் திருநாள். பொழுது சாயும் நேரத்தில் சப்பரம் லயத்து வீட்டு வரிசைகளுக்கு நடுவே வரும். அந்தக் கூட்டத்தில் முக்காலியை விரித்தால், சனம் அதையும் அவரையும் சேர்த்துத் தூக்கிச் சாக்கடைக் கானுக்குள் வைத்துவிடும். பிளாஷ் அடித்தால் சுவாமியார் முறைப்பார். கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். கையோ, போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. யட்டியாந்தோட்டை பஜாரில் அவருடைய ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள், பார்த்தும் பார்க்காதது போல இருக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த இரக்கம்தான் அவருக்கு ஆகவே ஆகாது.

கேகாலையில் பழைய கெமரா சாமான் விற்கும் ஸப்ரி, இரண்டு சூம் லென்ஸ்களைப் பையில் வைத்துக் கொடுத்திருந்தார்.

"கொண்டுபோய் ரெண்டயும் பாருங்க அண்ணே. பெருசு வெளிச்சத்த நல்லா வாங்கும், ஆனா பாரம். சின்னது லேசு, தூரமும் கூட இழுக்கும், இருட்டினா கொஞ்சம் கஷ்டம். ரெண்டுலயும் கை ஆட்டத்த லென்ஸே புடிச்சிக்கும். ஆள் ஆடினா மட்டும் அதுக்கு ஒண்டும் செய்யேலா."

இப்போது பொருத்தியிருந்தது பெரியது. பொத்தானைப் பாதி அழுத்தியதும் உள்ளே போத்தலில் அகப்பட்ட குளவிபோல ஒரு மெல்லிய இரைச்சல் எழுந்தது. குதித்துக்கொண்டிருந்த மலை மெல்லத் தணிந்து, யாரோ அவருடைய மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கிக்கொண்டது போல அசையாமல் நின்றது. ஒரு வருடத்துக்குப் பிறகு அப்படி ஒரு காட்சி.

ஆனால் நடக்கிற ஆளை வைத்து லென்ஸை எப்படி மட்டுக்கட்டுவது? போனை எடுத்து மரியாயியைக் கூப்பிட்டார்.

"ஏய், கொஞ்சம் இந்தப் பக்கம் பாத்து ஆடாம நில்லு."

"என்னாங்க, எனக்கென்ன கல்யாணமா? பால் எடுத்து முடியல. கங்காணி கத்துவாரு."

"கொஞ்ச நேரந்தான். மூச்சக்கூட மெதுவா விடு."

"சரி சரி, எடுங்க. போன கட் பண்ணாதீங்க." அவள் சிரிப்பது கேட்டது.

ஸ்பீக்கரைப் போட்டுப் போனை வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் படம் எடுத்தார். அருமையாக விழுந்திருந்தது. இடுப்பில் செருகியிருந்த பால்வெட்டும் கத்தியின் பிடிகூடத் தெரிந்தது. வாளியைப் பிடித்தபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் கெமராவைக் கண்டால் அவளுக்கு வெட்கம்.

மலை விளிம்பில் அந்தக் கட்டை இல்லை.

அது சில மரங்கள் தாண்டிக் கீழே நின்றது.

பழைய லென்ஸ், உள்ளே ஏதாவது கழன்றிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். நினைக்க வேறு எதுவும் இல்லாததால் அதையே பிடித்துக்கொண்டார்.

"அப்படியே நில்லு மரியாயி. மத்த லென்ஸயும் ஒருக்கா பாத்துர்றேன்."

"கால் கடுக்குதுங்க. சுருக்கா பாருங்க."

கழற்றும்போது விரல்கள் தடுமாறின. மூடி உருண்டு முற்றத்துச் சேற்றில் விழுந்தது. கோயில் சோடனைக்கு எல்லோரும் போயிருந்ததால் லயத்தில் ஒரு பேச்சுக்குரல்கூட இல்லை. எதிர் மலையில் ரப்பர்க் காய்கள் வெடிக்கும் ஓசை மட்டும் கேட்டது. ஒன்று மேலே. இன்னொன்று அதற்குக் கீழே. பிறகு இன்னும் கீழே.

சின்ன லென்ஸை முழுவதும் இழுத்து எடுத்தார். திரையில் பெரிதாக்கினார்.

அது கட்டை இல்லை. ஒரு பெண். பால் வெட்டுகிறவர்களைப் போல இடுப்பில் சாக்கு. மரியாயிக்குப் பின்னால் மூன்றாவது மரத்தடி. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி, நாடி சற்றே உயர்ந்து, அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்து உட்காருகிறவர்கள் போல அவ்வளவு ஒழுங்காக நின்றாள். அவள் மரியாயியைப் பார்க்கவில்லை. லென்ஸைப் பார்த்தாள்.

கெமராவை இறக்கி வெறுங்கண்ணால் பார்த்தார். மரங்கள். ஒரு நீலப் புள்ளி. வேறு எதுவும் இல்லை.

"மரியாயி, ஒனக்குப் பின்னால யாரு?"

"யாருமில்லீங்களே. தனுஜாவும் இன்னிக்கு வேலைக்கு வரல. இந்தப் பக்கம் நான் மட்டுந்தான்."

படங்களைப் பின்னோக்கித் தள்ளினார். மரியாயி நடந்துகொண்டிருந்த மூன்று படங்களிலும் அது விளிம்பிலேயே நின்றது. அவள் நின்ற பிறகுதான் இறங்கத் தொடங்கியிருக்கிறது. நிற்கச் சொன்னது அவர். லென்ஸை மாற்றக் கை தடுமாறிய அவ்வளவு நேரமும் அவளை அங்கே நிறுத்தி வைத்தது அவர்.

"ஓடு."

"என்னா?"

"வாளியப் போட்டுட்டு ஓடு! திரும்பிப் பாக்காத! வீட்டுக்கு ஓடியா!"

போனில் ஒரு திடுக்கிட்ட மூச்சு. தகர வாளி கல்லில் மோதி உருளும் சத்தம். ஈரச் சருகுகள் மிதிபட்டன. கால்கள் ஓடின. "மாதாவே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, அவள் இறங்கி வருவதைப் பார்க்க லென்ஸைக் கண்ணில் வைத்தார்.

மரியாயி நின்றுகொண்டிருந்தாள்.

அதே இடம். வாளி கையில்.

"ஓடுறியா?" குரல் வெளியே வரவில்லை. மறுபடியும் கேட்டார். "ஓடுறியா மரியாயி?"

"ஓடியாறேங்க." மூச்சு இரைத்தது. "ஓயாவத் தாண்டிட்டேன்." ஓடைத் தண்ணீர் சளசளத்தது. அவளுடைய குரல்தான். இரைப்புக்கூட அவளுடையதுதான்.

லென்ஸில் அவளுடைய வாய் மூடியிருந்தது.

எடுத்தார். இலைகள் கலைந்திருந்தன. அவள் கலையவில்லை. முந்தானை அசையவில்லை. கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. நாடி சற்றே உயர்ந்திருந்தது.

அவளுக்குப் பின்னால் தேடினார். மூன்றாவது மரம். வெறுமை. விளிம்பு. வெறுமை. மலை முழுவதும் தேடினார். அந்தப் பெண் எங்குமே இல்லை.

காலடிகள் போனில் கேட்டன. பிறகு போனிலும் வெளியிலும் கேட்டன. லயத்துப் படிக்கட்டில். ஈரக் கால்கள். பின்பக்கமாகச் சுற்றி, அடுப்படி வழியாக.

புளித்த ரப்பர்ப் பாலின் வாடை வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

"ஏங்க," என்றது அவருடைய தோளுக்குப் பின்னால், ஆசையாக. "வந்துட்டேங்க. எங்க, படத்தக் காட்டுங்க."

அவர் திரும்பவில்லை. கண்ணை எடுத்தால் அங்கே நிற்பவளை இழந்துவிடுவார் என்று தோன்றியது. விரல் தானாக அழுத்தியது. படம் திரையில் வந்தது. இரண்டு தலைகள் குனிந்து பார்க்க, எதிர் மலையில் மரியாயி கண்களை அகல விரித்து அவருக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உடம்பில் எதுவும் அசைந்திருக்கவில்லை, கன்னத்தில் வழிந்துகொண்டிருந்த கண்ணீரைத் தவிர.