டிரம்முக்குள் கணக்குப் பேப்பர்

"இன்னைக்கு எரியலன்னா இந்த டிரம்மை எடுத்துடணும் டீச்சர். சோறாக்குற இடத்துல இது என்னங்க கூத்து?" என்றார் சத்துணவு சமைக்கும் கொளஞ்சி. மூக்கை முந்தானையால் மூடியிருந்தார்.

வசந்தா டீச்சர் தலையாட்டினார். மாணவி செந்தமிழ் டிரம்மை ஒட்டி நின்றாள். தினமும் டிரம்மைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். உள்ளே பள்ளிக் கழிவறைத் தொட்டியின் சேறும், கிழித்து ஊறவைத்த பழைய தேர்வுத்தாள்களும் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று, எரியும் வாயுவை வெளியே விடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மூடிய டிரம்மில் காதை வைத்தால் 'குளுக்' என்று கேட்கும். உள்ளே கோடிக்கணக்கான உயிர்கள் சாப்பிடுகின்றன என்று நினைத்தாலே அவளுக்குச் சிலிர்க்கும்.

"என் கணக்குப் பேப்பரும் அதுலதான் இருக்குது. அது எங்க எரியப் போவுது?" என்றான் உடன் படிக்கும் தேவா. எல்லோரும் சிரித்தார்கள்.

சமையல்கூட முற்றத்தில் உச்சி வெயில். சுவருக்கு அப்பால் உப்பளம் வெள்ளையாகப் பளபளத்தது. டீச்சர் டிரம்மிலிருந்து அடுப்புக்கு வரும் குழாயைத் திறந்து, அடுப்பில் தீக்குச்சியைக் காட்டினார்.

'பப்' என்று சின்னச் சத்தம். அப்புறம் ஒன்றையும் காணோம்.

"அவ்ளோதான்," என்றார் கொளஞ்சி.

"கேஸ் வருதான்னு பாக்குறேன்," என்று தேவா அடுப்பை நோக்கிக் கையை நீட்டினான்.

செந்தமிழ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டேய், தொடாதடா! எரியுது!"

"எங்க எரியுது?"

"வெயில்ல தீ கண்ணுக்குத் தெரியல. பின்னாடி சுவரைப் பாரு, சூட்டுல நெளியுது!"

"இந்த வெயில்ல எல்லாந்தான் நெளியுது," என்றார் கொளஞ்சி.

வீட்டில் ரசம் பொங்கி வழிந்தால், அதிலுள்ள உப்பு பட்டு ஸ்டவ்வின் நீலத் தீ சட்டென்று மஞ்சளாகும். அது செந்தமிழுக்கு ஞாபகம் வந்தது.

"டீச்சர், கொஞ்சம் உப்பு போடட்டுங்களா?"

"அடுப்புக்கே உப்பா? நம்மூர்ல அதுக்கா பஞ்சம்!" என்று கொளஞ்சி டப்பாவை நீட்டினார்.

"தள்ளி நின்னு தூவு," என்றார் டீச்சர்.

செந்தமிழ் ஒரு சிட்டிகை தூவினாள்.

வெறும் காற்றிலிருந்து மஞ்சள் பூவாக வட்டமாய் விரிந்தது தீ. பின்பு மறைந்தது. மறுபடி தூவினாள். மறுபடி பூத்தது.

கொளஞ்சியின் முந்தானை மூக்கிலிருந்து எப்போது நழுவியது என்று அவருக்கே தெரியவில்லை.

"டிரம் இங்கயே இருக்கட்டும் டீச்சர்," என்றார் மெல்ல.

தேவா டிரம்மின் மேல் காதை வைத்தான். 'குளுக்.' அவன் கண்கள் விரிந்தன.

"செந்தமிழு, இன்னும் என் பேப்பரைத் திருத்திக்கிட்டு இருக்குதுங்க!" என்று கிசுகிசுத்தான்.