வியாழக்கிழமை அழைப்பு

பெகாயிம் அனுப்பிய படத்தை முதலில் பார்த்தவர் கெனெஷ் மாமா. போன குளிர்காலத்தில் அவரைப் புதைத்தாயிற்று.

கேக் விற்கும் தன் பக்கத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று, மதியம் முழுக்க அவள் தொடர்புகளைப் பட்டியல்களாகப் பிரித்திருந்தாள். வாங்குகிறவர்கள், விலை மட்டும் கேட்கிறவர்கள், சொந்தக்காரர்கள். இறந்துபோனவர்களை நீக்க மனம் வரவில்லை. அவர்களுக்கும் தனியாக ஒன்று.

இருட்டத் தொடங்கியிருந்தது. பிஷ்கெக் நகரின் அந்த அடுக்குமாடி முழுக்க, மாடிப்படி, லிஃப்ட், காயப்போட்ட கம்பளிகள் எல்லாவற்றிலும், வியாழக்கிழமையின் எண்ணெய் வாசனை ஏறியிருந்தது. செத்தவர்கள் மோந்து பசியாறட்டும் என்று வீட்டுக்கு வீடு மாவு பொரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் போர்சோக் பொரித்துத் தட்டில் குவித்துப் படமெடுத்தாள். ‘எல்லாரும் வீட்டுக்கு வாங்க’ என்று எழுதிச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினாள். விரல் ஒரு வரி கீழே, அந்தக் கடைசிப் பட்டியலில் பட்டுவிட்டது.

செத்தவர்களுக்கு வாசனை மட்டும்தான். வீட்டுக்கு வாங்க என்று யாரும் கூப்பிடுவதில்லை.

மாமாவுக்குப் பின் பெரியம்மா பார்த்தாள். பிறகு பெரியம்மாவின் மகள். ஒவ்வொரு பெயராக. பெகாயிம் படத்தை அழித்தாள். அழிந்த இடத்தில் மாமாவின் பதில் வந்து நின்றது.

‘கெளம்பிட்டோம்மா.’

போன் அடித்தது. அவள் கணவன் எர்மெக். தலாஸிலிருந்து வேன் ஓட்டிக்கொண்டு வருகிறான்.

“என்ன மேடம், எனக்கு ஏதாவது மிச்சம் வைப்பீங்களா, இல்ல படம் எடுத்தே தீத்துடுவீங்களா?”

“எங்க இருக்கீங்க?”

“கணவாய் மேல. பனி கொட்டுது. காலி வண்டியா வந்தேன், நல்லவேளை ரோட்டோரம் ஒரு கூட்டம் நின்னுச்சு.”

“ஏத்தாதீங்க.”

“பனியில நிக்கிறவங்கள விட்டுட்டு வரணுமா? நல்லா இருக்குடி உன் நியாயம். ஏத்தியாச்சு. நம்ம வீட்டு விருந்துக்குத்தான் வர்றாங்களாம். ஒருத்தர் அப்படியே உங்க கெனெஷ் மாமா ஜாடை.”



“என்னங்க... வண்டிய நிறுத்துங்க. எறங்கிடுங்க.”

“எதுக்கு? ரோடு இவ்வளவு வழவழன்னு நான் பாத்ததே இல்ல. குலுங்கவே இல்ல.”

எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. காற்று மட்டும். அதற்குள் பல வாய்கள் மெல்லும் சத்தம்.

“எர்மெக்!” கல்யாணமான பிறகு அவள் அவன் பெயரைச் சொன்னதே இல்லை.

“அடுப்ப அணைக்காத,” என்றான் அவன். “வந்துடுவோம்.”

மாமாவின் கணக்கிலிருந்து ஒரு படம் வந்தது. காதில் போனோடு எர்மெக் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பின்னால் எல்லா இருக்கையும் நிறைந்திருந்தது. யார் புருவத்திலும் பனி உருகவில்லை. ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் வெறும் வானம். வெகு கீழே, நூல் மாதிரி, கணவாய்ச் சாலை.