ஒன்பது கதவுகளும் இரண்டு கண்களும்

"ஐயோ… அந்த ஸ்க்ரூவைக் கழட்டாதீங்க!"

அவள் கத்தி முடிப்பதற்குள் அவன் கழற்றிவிட்டான்.

வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. தச்சுப் பட்டறையின் தகரக் கூரையில் அது போட்ட சத்தத்தில், ஒரு கோடியில் கத்தினால் மறுகோடியில் காதில் விழாது. பெயின்ட் டப்பாவோடு வாசலில் நின்றவளின் குரல் எங்கே போய்ச் சேரும்?

உள்ளே ஒன்பது கதவுகள். இரண்டு பக்கமும் ஒரே நாளில் அடித்து முடிக்க வேண்டும் என்பதால், படுக்கப் போடாமல் வரிசையாக நிற்க வைத்திருந்தாள். ஒவ்வொரு கதவின் அடியும் பள்ளம் வெட்டிய கட்டைக்குள். நடுவில் ஓர் ஆள் நின்று பிரஷ் போடும் அளவுக்கு இடைவெளி. மேலே ஒன்பதையும் சேர்த்துக் கட்டிய ஒரு நீளச் சட்டம். அந்தச் சட்டத்தின் நுனியைச் சுவரோடு பிடித்திருந்தது ஒரே ஒரு ஸ்க்ரூ.

பூட்டுக்கு அளவெடுக்க வந்தவன், கதவின் விளிம்பை மறைக்கிறது என்று அதைத்தான் கழற்றினான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவன் இதுவரை தொட்ட கதவெல்லாம் நிலையில் கீல் மாட்டி நிற்கும் கதவு. கதவென்றால் தன்னால் நிற்கும் என்பது அவன் நினைப்பு!

மறுநொடி, ஒன்பதும் சொல்லிவைத்தாற்போல அவள் பக்கமாகச் சாய்ந்தன…

டப்பாவை எறிந்துவிட்டு ஓடிவந்து முதல் கதவுக்கு இரண்டு கைகளையும் தோளையும் முட்டுக்கொடுத்தாள். ஈரப் பெயின்ட்டில் உள்ளங்கை வழுக்கியது. எப்படியோ சாய்வு நின்றது. அதற்குள் அந்த மேதாவி என்ன செய்தான் தெரியுமா? தாங்கிப் பிடிக்கிறேன் பேர்வழி என்று கதவுகளுக்கு நடுவிலேயே புகுந்துவிட்டான். சாய்ந்த கதவுகள் இடைவெளியை நெருக்கிவிட, அசைய வழியில்லாமல் மாட்டிக்கொண்டான்.

"ஹலோ… யாராவது இருக்கீங்களா?"

"நான்தான் இருக்கேன்! யார் நீங்க? யாரைக் கேட்டு அதுல கை வச்சீங்க?"

"பூட்டுக்காரன்ங்க. திட்டறதைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமா? இப்ப… மூச்சு முட்டுது."

கண்ணாடி பதிக்க வேண்டிய சதுரங்கள் கதவுகளில் இன்னும் காலியாகவே இருந்தன. அவள் அவற்றின் வழியாகப் பார்த்தாள். நான்கு சதுரங்களுக்கு அப்பால் இரண்டு கண்கள். கண்கள் மட்டும்தான்; மற்றதெல்லாம் மரத்துக்குப் பின்னால். மழையில் நனைந்து இமையெல்லாம் ஒட்டிக்கொண்டு, பயத்தில் அகல விரிந்த கண்கள்… அந்தப் பயத்திலும், அவளைப் பார்த்ததும் அவை லேசாகச் சிரித்தன.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கையை எடுத்தால் இவன் நசுங்கிப்போவான்… அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. அப்பா கீல் வாங்கப் போயிருந்தார். இந்த மழையில் எப்போது வருவாரோ! கொட்டிய பெயின்ட் காலடிக்கு ஓடிவந்து, செருப்பு மெல்ல மெல்லப் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது.

"ஏங்க… நான் உள்ளேருந்து தள்றேன். நீங்களும் ஒரு மூச்சு தள்ளுங்க. நிமிர்ந்துடும்."

"கால் வழுக்குது. செருப்பைக் கழட்டி வேற இடத்துல ஊன்றணும். அதுக்கு ஒரு கையைத் தளர்த்தணும்."

"தளர்த்துங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"விட்டுடுவேன்!" என்று அலறினாள். "உங்களுக்குப் புரியாது. நான் விட்டுடுவேன்…"

கூரையில் மழை இன்னும் பலமாக அடித்தது. இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை, முகம்கூடத் தெரியாத ஒருவனிடம், மரச் சதுரங்களின் வழியே அவள் கொட்டித் தீர்த்தாள்.

"இதே இடந்தான். நாலு கதவு. அப்பா குனிஞ்சு அடிக்கட்டையை மாத்திட்டிருந்தாரு. என்னைப் பிடிச்சுக்கச் சொன்னாரு. லேசா சாய்ஞ்சுது… நான் பயந்து பின்னால குதிச்சுட்டேன். சட்டம் உடைஞ்சு விழுந்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்பாவும் அதைத்தான் நம்பறாரு. அவர் வலது கால் இன்னைக்கு வரைக்கும் மடங்காது. போதுமா? இந்தக் கையை நம்பித்தான் நீங்க உள்ள நிக்கறீங்க!"

அந்தக் கண்கள் இமைக்கவில்லை.

"அன்னைக்கு ஓட இடம் இருந்துச்சு, ஓடிட்டீங்க" என்றான் அவன். "இன்னைக்கும் உங்க பின்னால வாசல் திறந்துதான் கிடக்கு. இன்னும் ஓடலையே?"

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். உண்மைதான்… நாலு எட்டு வைத்தால் தெரு.

"ரொம்ப யோசிக்காதீங்க. யோசிச்சு ஓடிடப் போறீங்க!"

அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கையை எடுத்தாள். முழுப் பாரமும் தோளில் இறங்கியது. கதவு கிறீச்சிட்டது. உள்ளிருந்து "அம்மா!" என்று ஒரு முனகல். உடம்பெல்லாம் ஓடு ஓடு என்றது. செருப்பை உதறி, வெறுங்காலைப் பின்னாலிருந்த தூணில் ஊன்றினாள்.

"இப்ப… தள்ளுங்க!"

இருவரும் தள்ளினார்கள். கதவுகள் அசைய மாட்டேன் என்றன. இன்னொரு தரம். மெல்ல, ஒவ்வோர் அங்குலமாக நிமிர்ந்து, சட்டத்தின் நுனி சுவரில் தட்டென்று முட்ட, லேசாக அந்தப் பக்கம் சாய்ந்து நின்றன.

அவன் பக்கவாட்டில் உருவிக்கொண்டு வெளியே வந்தான். மாநிறம். முன்னும் பின்னும் வெள்ளைப் பெயின்ட். மூக்கு நுனியில்கூட! அந்தக் கண்களுக்கு இப்படி ஒரு முகம்தான் இருக்கும் என்று அவள் ஏனோ முன்பே நினைத்திருந்தாள்.

அவனைப் பேசவிடாமல், கீழே கிடந்த ஸ்க்ரூவை எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, சட்டத்தைச் சுவரோடு முடுக்கினாள். இறங்கியதும்தான் உறைத்தது. ஐயோ… இவனிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டோமே! நாளைக்கு ஊரெல்லாம் சொன்னால்? அப்பா காதுக்குப் போனால்?

"கிளம்புங்க" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "இனிமே இந்தப் பக்கமே வராதீங்க. பூட்டுக்கு வேற ஆள் பார்த்துக்கறோம்."

அவன் முகம் விழுந்துவிட்டது. வாசலுக்கு நடந்தான். அங்கே, நனைந்த பையும் ஊன்றுகோலுமாக அப்பா!

கதவின் ஈரப் பெயின்ட்டில் பதிந்திருந்த கைத்தடங்களை அவர் பார்த்தார். "என்னம்மா நடந்துச்சு?"

"என் தப்புங்க ஐயா" என்று பூட்டுக்காரன் முந்திக்கொண்டான். "தெரியாம ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள மாட்டிக்கிட்டேன். உங்க பொண்ணு ஒத்த ஆளா தாங்கிப் பிடிச்சாங்க. இல்லைன்னா இன்னைக்கு நான் இல்லை."

அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவன் சொல்லவே மாட்டான் என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு, ஒளித்து வைக்க அவளுக்கே பிடிக்கவில்லை.

"அப்பா… அன்னைக்குச் சட்டம் உடையலைப்பா. நான்தான் விட்டுட்டேன்."

ஊன்றுகோல் தரையில் ஒருமுறை தட்டியது. அப்பா பக்கத்தில் கிடந்த பலகையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நாலு கதவை ஒத்தைப் பொண்ணு பிடிப்பாளான்னு நான்ல யோசிச்சிருக்கணும்?" என்றார் கரகரத்த குரலில். "என்மேல தப்பை வச்சுக்கிட்டு, சட்டத்தைத் திட்டிட்டிருந்தேன். ரெண்டு வருஷமா இதையா மனசுல போட்டுப் புழுங்கினே? பைத்தியம்…" அவள் தலையில் கை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி ஈரச் சட்டையை மாற்றப் பின்னறைக்குப் போனார்.

பூட்டுக்காரன் இன்னும் வாசலிலேயே நின்றான். மழை தூறலாகியிருந்தது.

"அப்ப… நான் வரேங்க."

"போகாதீங்க" என்றாள். சொன்ன பிறகு, சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். "நீங்க வாசல் வரைக்கும் நடந்தப்ப எனக்கு… கதவு சாய்ஞ்சப்பகூட அப்படிப் பயம் வரலைங்க."

அவன் கண்கள் மறுபடி அகலமாயின. "உள்ள நிக்கும்போது எனக்கும் ஒரு பயந்தான். வெளியே வந்ததும் நீங்க துரத்திடுவீங்களோன்னு. அதே மாதிரி துரத்தினீங்க!" என்றவன், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "வீட்டுல பெரியவங்களைக் கூட்டிட்டு வரட்டுமா?"

அவள் பெயின்ட் அப்பிய கைகளைப் பார்த்தாள். பிறகு பின்னறைப் பக்கம் தலையசைத்தாள்.

"அப்பா உள்ளதான் இருக்காரு… நீங்களே போய்க் கேளுங்க. எனக்குச் சம்மதம்னு சொல்லிக் கேளுங்க."