சிங்காரவேல் வீட்டு நாலு ஜிபி

"அக்கா, ரெண்டு மணி ஷிப்டுக்குள்ள இது தீரலன்னா என் கேட் பாஸ் போச்சுக்கா!"

கலைச்செல்வன் அழாத குறையாகக் கண்ணகி வீட்டு வாசலில் நின்றான். மணி பன்னிரண்டரை.

நெய்வேலி சுரங்கத்தில் அவனுக்குக் கான்ட்ராக்ட் வேலை; கேட் பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஓய்வில் கம்ப்யூட்டர் ரிப்பேர். வாடிக்கையாளர் சிங்காரவேலின் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது ரெண்டு ஜிபி ராம், அதாவது நினைவக அட்டை. நேற்று அவரோடு கடைக்குப் போய், அவர் கண்ணெதிரே ஓட்டிப் பார்த்து, கூடுதலாக நாலு ஜிபி வாங்கினான். அவர் குவார்ட்டர்ஸ் வீட்டில் மாட்டினால் திரை கறுப்பு, பீப் பீப் என்று ஒரே கூச்சல். நல்லதை எடுத்துக்கொண்டு செத்ததை மாட்டிவிட்டான் என்று அவர் கலைச்செல்வனின் கான்ட்ராக்டருக்கே போன் போட்டுவிட்டார்.

கண்ணகி நிதானமாகச் செருப்பை மாட்டினாள். கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பது வருஷம், காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்தவள். ஆட்டோக்கார வேணுவுக்கோ நிதானம் என்றாலே ஆகாது. "கடைக்காரன்தான்கா, சத்தியமா!" வண்டியைக் கிளப்பும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

சிங்காரவேல் கதவைத் திறந்ததும் முறைத்தார். "திருடனையே கூட்டிக்கினு வந்துட்டீங்களா?"

கண்ணகி ராமின் ஸ்டிக்கர் எண்ணை பில்லோடு ஒப்பிட்டாள். "மாத்தலைங்க. அதே ராம்தான்."

"அப்ப கெடுத்துட்டான்!"

"வந்ததும் மாட்டிட்டியா கலை?"

"இல்லக்கா. திலகவதி அக்கா காபி குடுத்தாங்க. பத்து நிமிஷம் ராம் கவர் மேசையில இருந்துச்சு."

கண்ணகி சுற்றிப் பார்த்தாள். புது மிக்ஸி மூடியில் மஞ்சள். சிங்காரவேலின் புதுச் சட்டைக் காலரில் மஞ்சள். வேணு மேசைக்கடியில் புகுந்து கைரேகை தேடிக்கொண்டிருந்தான். என்னத்தைச் சொல்ல!

"திலகவதி, இதுக்கும் வச்சியாம்மா?"

சிங்காரவேலின் மனைவிக்கு முகம் வெளுத்தது. "புதுசாச்சேங்க... கொஞ்சூண்டு மஞ்சா குழைச்சு, அந்தத் தங்கக் கலர் ஓரத்துல வச்சேன்."

"அதான் யார் கண்ணுலயும் படல. தங்க நிறத்து மேல மஞ்சள் எங்க தெரியும்? கரண்ட் போற வழியே அந்த ஓரம்தான். அது அடைச்சுக்கிச்சு."

"பழைய ராம்னா ரப்பர் போட்டுத் தேய்ப்போம்கா. புதுசுன்னு விட்டுட்டேன்."

கலைச்செல்வன் ரப்பரை எடுத்துத் தேய்த்தான். ரப்பர் மஞ்சளானது. மாட்டியதும் ஒரே ஒரு பீப். திரையில் ஆறு ஜிபி!

மணி ஒன்றே கால். சிங்காரவேல் தொண்டையைச் செருமினார். "சரிப்பா, கான்ட்ராக்டர்கிட்ட சாயங்காலம் சொல்லிக்கலாம்."

கலைச்செல்வன் நகரவில்லை. சாயங்காலம் சொல்லி என்ன பிரயோசனம்?

திலகவதி கணவரின் பையிலிருந்து போனை உருவி, தானே ஸ்பீக்கரில் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டாள். "மஞ்சா வச்சது நாங்க. எங்க வூட்டுக்காரரு அவசரப்பட்டு இந்தப் புள்ள மேல பழி போட்டுட்டாரு."

"வேற ஆளுக்குப் பாஸ் எழுதிட்டேனேம்மா," என்றது ஸ்பீக்கர். கலைச்செல்வன் போன் பக்கம் குனிந்தான். "சரி, கிழிச்சுடறேன். ரெண்டு மணிக்கு வரச் சொல்லுங்க."

கலைச்செல்வன் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.