அட்டையில் அமர்ந்த இரண்டாவது முகவரி

சர்வர் அறையில் ஏசியின் இரைச்சலுக்கு அடியில் ஈரத்துணி வாடை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது; ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஆகாத அந்த அறைக்குள், அதுவும் விடுமுறை நாள் மதியத்தில், அது எங்கிருந்து வருகிறது என்று நெட்வொர்க் தலைவருக்குப் புரியவில்லை. திரையைப் பார்த்ததும் வாடை மறந்துபோனது. அவருடைய கணினியை நெட்வொர்க்கோடு இணைக்கும் அட்டையில் இரண்டு ஐபி முகவரிகள், எந்தக் கணினி என்று காட்டிக்கொடுக்கும் எண்கள், இருந்தன. மேலே அவருடையது. கீழே இடக்கையுடையது.

இடக்கை என்பது பட்டப்பெயர். பக்கத்து நாற்காலிக்காரி, மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்துக்கொள்பவள், வாய்க்கு வாய் அவரை அண்ணா என்றவள். அவள் கணினியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில், அவள் முகவரியைத் தன் அட்டையில் இரண்டாவதாகச் சேர்த்து, வாடிக்கையாளர் விவரங்களையெல்லாம் வெளியாளுக்கு விற்றார் இந்த மனுஷன். பதிவில் அவள் முகவரி இருந்ததால் மாட்டிக்கொண்டது அவள்.

"அண்ணா, நான் எதையும் தொடலை. நீங்களாவது சொல்லுங்க," என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

பாவி, தலையைக் குனிந்துகொண்டு, "மெஷின் பொய் சொல்லாதும்மா," என்றார்.

அன்று சாயங்காலம் அவளை ஏரியிலிருந்துதான் எடுத்தார்கள்.

அந்த முகவரியை அவர் சேமித்துவைக்கவே இல்லை. கணினியை ஒருமுறை அணைத்தாலே அழிந்துவிடும்; அழிந்தும்விட்டது. இப்போது அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாளைக்குத் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள். இதைப் பார்த்தால் குட்டு உடைந்து கம்பி எண்ண வேண்டியதுதான்.

நீக்கினார். வந்தது. கணினியை அணைத்துப் போட்டார். அப்போதும் வந்தது. கேபிளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பக்கத்துக் கணினியிலிருந்து அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தார். கேபிளே இல்லாத அட்டையிலிருந்து பதில் வந்தது. உடனுக்குடன். விடாமல்.

செல்போன் அடித்தது. மனைவி. வலது கையால் எடுத்தார்.

"ஒண்ணுமில்ல, கிளம்பிட்டேன்."

"பக்கத்துல யாரு?"

"யாருமில்லையே."

"நீங்க பேசறப்பவே கூட ஒரு பொண்ணு பேசறா. அதே வார்த்தையை."

அவர் திரும்பிப் பார்த்தார். நெஞ்சுக்குள் மூச்சு இரண்டாக ஓடியது. ஒன்று அவருடையது.

இடது கை தானாக எழுந்தது. பிடிக்கப் பார்த்தார், வலது கை போனோடு காதில் ஒட்டிக்கிடந்தது. இடது கை மவுஸைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டது. விரல்களிலிருந்து ஏரித் தண்ணீர் சொட்டியது. அம்புக்குறி மேலே ஏறியது. மேல் முகவரியில் நின்றது. அவருடைய முகவரியில்.

வேண்டாம் என்று கத்தினார். சத்தம் வரவில்லை.

நீக்கியது.

"ஹலோ, இப்ப உன் மூச்சு மட்டும் கேக்குதே, யாரும்மா நீ? இது எங்க வீட்டுக்காரர் போனாச்சே. அவர்கிட்ட குடு."

திரையில் ஒரே ஒரு முகவரி இருந்தது. அவர் உதடுகள் அசைந்தன.

"அண்ணி, அப்படி யாரும் இங்க இல்லையே. மெஷின் பொய் சொல்லாது."