மூன்று வெள்ளைப் பலகைகள்

1986, ஏப்ரல் 18. பிற்பகல் 3.10.

செஞ்சிக் கோட்டை வாசகசாலையின் சுவரில் தேக்குச் சட்டம் மட்டும் தொங்கியது. உள்ளே இருந்த ஓவியத்தைக் காணவில்லை.

நூறு வருடங்களுக்கு முன் யாரோ பலாப் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய ராஜகிரி மலை. இன்று இடிந்து கிடக்கும் கட்டடங்கள் எல்லாம் அதில் முழுதாக நின்றன. ஊரில் அதன் முன் ஒருமுறையாவது வாய்பிளந்து நிற்காதவர்கள் இல்லை. திங்கட்கிழமை மெட்ராஸ் அருங்காட்சியக அதிகாரிகள் அதைப் பார்க்க வருவதாக இருந்தது.

3.40. இன்ஸ்பெக்டர் ஜெயராமன் கூடத்தைச் சுற்றி வந்தார். ஜன்னல்களில் கம்பி. சிறு மேடை, அதில் வாசகசாலைச் செயலாளர் தனகோட்டி இளவயதில் தீட்டிய நாடகத் திரை. மேடையோரம் வெள்ளை பூசிய மூன்று பெயர்ப்பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன.

“கடைசியா யார் இருந்தது?”

“நானும் பச்சமுத்துவும் சார்” என்றார் தனகோட்டி. “போர்டு எழுதுறவன். எழுதறதுக்கு முன்னாடி அடிக்கிற வெள்ளை பிரைமரைப் பத்து மணிக்கு மூணு பலகைக்கும் அடிச்சான். பதினொன்றரைக்குப் பூட்டிட்டுக் கிளம்பிட்டோம்.”

“சாவி?”

“நிலைக்கு மேல வெப்போம். எங்க ரெண்டு பேருக்குந்தான் தெரியும்.”

பூட்டு உடையவில்லை. யோசித்தபடி ஜெயராமன் மூன்றாவது பலகையில் முழங்கையை ஊன்றினார். பிறகு காக்கிச் சட்டையில் படிந்த வெள்ளைத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

4.30. பச்சமுத்துவைக் கூட்டி வந்தார்கள்.

“பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் எங்க இருந்த?”

“சிங்கவரத்துல சார். வூட்ல தூங்கினேன்.”

“யார் பாத்தா?”

“யாரும் பாக்கல. பொண்டாட்டி கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கப் போயிட்டா.” விலங்கு பூட்டப்படும்போது அவன் அழவில்லை. “ஜாஹிதா அக்காவைக் கேளுங்க சார். பிரைமர் அவங்க கடையிலதான் வாங்கினேன். நான் வேலைக்குத்தான் சார் வந்தேன்.”

5.00. கடைத்தெருவில் ஜாஹிதா பேகம் பதினைந்து வருடமாகப் பெயின்ட் கடை நடத்துகிறார். டப்பாவைத் திறக்காமலே உள்ளே என்னவென்று சொல்லிவிடுவார் என்பது கொத்தனார்கள் பேச்சு.

“ஆமா சார், நேத்து வாங்கினான். மரத்துக்கு அடிக்கிற எண்ணெய் பிரைமர். வெளிய மாட்டுற போர்டுக்கு அதான். காய ஒரு நாள் முழுசா ஆவும்.” அவர் பார்வை இன்ஸ்பெக்டரின் முழங்கையில் நின்றது. “சட்டையில இன்னா சார் வெள்ளை?”

“அந்தப் பலகைதான். தட்டினேன், போயிடுச்சு. இன்னும் கொஞ்சம் இருக்குதா?”

“தட்டினா போச்சா?”

ஜாஹிதா எழுந்து தலையில் முக்காட்டைச் சரிசெய்தார். “நான் அந்தப் பலகையைப் பாக்கணும் சார்.”

5.25. வாசகசாலையில் தனகோட்டி மூன்று பலகைகளையும் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். “வூட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் சார். வேற ஆளை வெச்சு எழுதிக்கலாம்.”

“அவுருங்க” என்றார் ஜாஹிதா.

முதல் பலகையில் விரல் வைத்தார், ஒட்டியது. இரண்டாவதும் ஒட்டியது. மூன்றாவது காய்ந்து கிடந்தது. விரல் நுனியில் மாவு. மூலையில் வறண்ட ஏரி போல மெல்லிய வெடிப்புகள். குனிந்து முகர்ந்தார்.

“ஒரு சொம்பு தண்ணியும் துணியும் குடுங்க.”

“தண்ணி பட்டா பலகை கெட்டுடும்மா!” தனகோட்டியின் குரல் உயர்ந்தது.

“பிரைமர் அடிச்ச பலகை மழைக்கே கெடாதே.”

ஈரத் துணி பலகையில் மெல்லப் படிந்தது. வெள்ளை பாலாக வழிந்து இறங்கியது. முதலில் கையகலம் நீலம். பிறகு உச்சிப் பாறை. படிக்கட்டு, மதில், கல்யாண மகாலின் அடுக்கடுக்கான மாடங்கள். வெள்ளையோடு நூறு வருட விளக்குப் புகையும் கரைந்து போனது. மலையடியில் கறுப்பு என்று எல்லோரும் நினைத்திருந்த இடத்தில் ஒரு குளம் விரிந்தது. கரையில் குடத்தோடு நாலு பெண்கள். தண்ணீரில் தலைகீழாக முழு மலையும். ஜெயராமன் தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றினார்.

“அல்லா…” என்று முணுமுணுத்த ஜாஹிதா துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“சார், எண்ணெய் பிரைமர்னா உங்க சட்டையில பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். தட்டினா போவாது, மண்ணெண்ணெய் வேணும். இது சாக் பவுடரை, மாட்டுத் தோல்ல காய்ச்சுற வஜ்ரப் பசையில கலக்கிப் பூசுனது. வெயில்ல ரெண்டு மணி நேரத்துல காஞ்சிடும். திரைத் துணிக்குத்தான் அதைப் பூசுவாங்க. எண்ணெய் மேல சரியாப் பிடிக்காம மூலையில வெடிச்சிருக்குது. மழையில தொங்கப்போற போர்டுக்குத் தொழில் தெரிஞ்சவன் அதைத் தொட மாட்டான். அப்புறமா கழுவி எடுக்கணும்னு நெனைக்கிறவன்தான் பூசுவான். தண்ணிக்கு எண்ணெய்ப் படம் அசையாது.”

அவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

“நாடகத் திரை எழுதினவருக்கு அது நல்லாத் தெரியும். செயலாளரே, பச்சமுத்து அடிச்ச மூணாவது பலகை எங்க?”

செயலாளர் அறையில் பீரோவுக்குப் பின்னால் அது இருந்தது. இன்னும் ஒட்டிக்கொண்டு, தூசி படிந்து.

தனகோட்டி தரையில் உட்கார்ந்துவிட்டார். “பாண்டிச்சேரியில ஒருத்தன் படத்தை விலைக்குக் கேட்டுட்டே இருந்தான். திங்கக்கிழமை வரவங்க எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னான்… ஆனா சார், படத்தைப் பாழாக்க எனக்கு மனசு வரல. அதான் பிரைமர் அடிக்கல.”

6.15. தனகோட்டியை ஜீப்பில் ஏற்றினார்கள். காவலில் இருந்த பச்சமுத்துவை உள்ளே அழைத்து வந்து விலங்கைக் கழற்றினார்கள்.

“பச்சமுத்து, நீங்க வீட்டுக்குப் போகலாம்” என்றார் ஜெயராமன்.

பச்சமுத்து போகவில்லை. ஓவியத்தின் முன் மண்டியிட்டு, வண்ணம் பெயர்ந்திருந்த விளிம்பில் கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தான்.

“அக்கா, இங்க பாரு. பலகை மேல துணி ஒட்டியிருக்கான். அதுக்கு மேல வெள்ளை. ஒவ்வொரு கைப் பூச்சும் நகக் கனம்கூட இல்ல. ஒண்ணு காய்ஞ்சு, தேய்ச்சு, அப்புறம் அடுத்தது. ஆறு… ஏழு…”

“எட்டு” என்றார் ஜாஹிதா.

“எட்டு கை! படம் போட ஆரம்பிக்கவே மாசக்கணக்கா காத்திருப்பான். இதையெல்லாம் யாரும் பாக்கப் போறதில்லன்னு தெரிஞ்சும்…”

விலங்கு பூட்டியபோது வராத அழுகை இப்போது வந்தது.