யாரும் நிறுத்தாத படம்

அறுவை சிகிச்சைப் படங்களுக்குச் சத்தம் கிடையாது. வயிற்றுக்குள் விட்ட கேமராவுக்கு ஏது காது? ஆனால், திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பட்டப்பகலை இருட்டாக்கியிருந்த அந்த வகுப்பறையில், கிருமிநாசினி வாடைக்கும் ஏசியின் இரைச்சலுக்கும் அடியில், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது பயிற்சி மருத்துவரான அவளுக்குக் கேட்டது.

“சார், ஸ்பீக்கர் ஓடுதா?”

“ஊமைப் படம்மா. கண்ணைத் திற, போதும்,” என்றார் பெரிய டாக்டர்.

அவர் வகுப்புக்கு ஒரே சட்டம்தான். யார் செய்த அறுவை என்று சொல்லமாட்டார். தவறு தெரிகிற இடத்தில் யாராவது ‘நிறுத்துங்க’ என்றால், படத்தை நிறுத்திவைத்து அலசுவார்.

“தப்பை ஒத்துக்கிட்டவங்களை நான் இதுவரைக்கும் கடிச்சதில்ல.”

“நேரா முழுங்கிடுவாரு,” என்று கிசுகிசுத்தான் பக்கத்து நாற்காலி நண்பன்.

அவள் சிரிக்கவில்லை. திரையில் அசைந்த கருவிகளைப் பிடித்திருந்தது அவள் கை. பித்தப்பையின் சின்னக் குழாய் என்று நினைத்து, ஈரலிலிருந்து வரும் பெரிய குழாயை வெட்டியவள் அவள்தான். நோயாளி பிழைக்கவில்லை, ‘உடம்பு தாங்கல’ என்று அந்தப் பெண்ணின் புருஷனிடம் சொல்லி முடித்தாகிவிட்டது. அடுத்த வாரம் தனியாக அறுவை செய்ய அவளுக்கு அனுமதி வரவிருந்தது. இன்று வாயைத் திறந்தால் அது போயிற்று. கிழிந்த பக்கத்தை உள்ளே மடித்து விற்கும் ஜவுளிக்காரனைப்போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

திரையில், வெட்டும் முன் குழாயை அடைக்கும் கிளிப் பெரிய குழாயைக் கவ்வியது. அதே நொடியில் அவளுடைய வலது விலாவுக்குக் கீழே ஏதோ நறுக்கென்று கவ்வியது. மூச்சுச் சத்தம் முனகலாயிற்று. அது தன் முனகல்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

“யாருக்காவது ஏதாவது தெரியுதா?”

நண்பன் உதட்டைப் பிதுக்கினான். அவள் வாயை இறுக மூடினாள். இன்னும் கொஞ்ச நேரம். தாண்டிவிடலாம்.

கத்தரி நுழைந்தது. வாயைத் திறந்தது. மூடியது.

திரை சிவந்தது. அவள் மடி நனைந்தது. சூடு. இரும்பு வாடை.

‘நிறுத்துங்க’ என்று கத்த வாயைத் திறந்தாள். பித்தநீர்தான் வந்தது. கசப்பாக, பச்சையாக, மோவாய் வழியே.

யாரும் திரும்பவில்லை. நண்பன் முன்னால் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்த இடத்தை நல்லாப் பாருங்க,” என்றார் பெரிய டாக்டர்.

அவள் குனிந்தாள். சட்டைத் துணியை உள்ளிருந்து துளைத்துக்கொண்டு கத்தரியின் முனை வெளியே வந்தது. திரையின் வெளிச்சத்தில் ஒரு கணம் பளபளத்து நின்றது. துணியையும் தோலையும் தொப்புள்வரை நிதானமாக வெட்டிவிட்டு, அடுத்த குழாயைத் தேடி மறுபடியும் உள்ளே போயிற்று.